வெள்ளக் கணக்கும் கொலைக் கணக்கும்

ரொம்ப நாளா டிராஃப்டுலயே தூங்கிக்கிட்டு இருந்த பதிவு இது. ஆபீஸ்ல ஆணி அதிகம். இந்த வாரம்தான் ரிலீஸ் முடிஞ்சு மூச்சு விட நேரம் கிடைச்சது, தூசி தட்டி எடுத்துட்டேன். கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க மக்களே.

ஆரம்பிச்சு வச்சது எங்க சித்தப்பா. பாளையங்கோட்டைக்காரர். காவல்துறையில முப்பது வருஷத்துக்கு மேல இருந்துட்டு ரிட்டயர் ஆனவர். இன்னமும் தெருவுல எல்லாருக்கும் "ஏட்டையா"தான். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப திண்ணையில உக்காந்து பேசிக்கிட்டு இருந்தோம். அவர் கூட வேலை பார்த்த ஒரு கான்ஸ்டபிளை ஒருத்தன் அரிவாளால வெட்டிட்டான். வெட்டினவன் மூணாவது மாசமே ஜாமீன்ல வெளிய வந்து ஸ்டேஷனுக்கு எதிர்த்தாப்புல டீ குடிச்சுக்கிட்டு நின்னானாம். வெட்டுப்பட்டவருக்கு வலது கையில ரெண்டு விரல் இன்னிக்கு வரைக்கும் மடங்காது. இதை எத்தனை தடவை சொன்னாலும் அவருக்குக் குரல் மாறும்.

கடைசியில வழக்கம் போல முடிச்சார். "ஏலே, இந்த ஜனநாயகம்லாம் நமக்கு லாயக்குப்படாது. எவனைப் புடிச்சாலும் விட்டுருதாம்ல. ஒரு ஹிட்லர் வந்தாத்தாம்ல இந்த நாடு உருப்படும்."

சிரிக்காதீங்க. காலேஜ் ஹாஸ்டல்ல நானும் இதே டயலாக்கை அடிச்சவன்தான். நம்ம ஊர்ல இதைச் சொல்லாத மாமா, சித்தப்பா யாராச்சும் இருந்தா கை தூக்குங்க. ஆனா இந்தத் தடவை வாய் சும்மா இருக்கல. "சித்தப்பா, ஹிட்லரே போலீஸ்காரங்க செத்த கேஸ்ல உள்ள போயி, பாதியிலேயே விட்டு வெளிய வந்த ஆளுதான்"னு சொல்லிட்டேன். அவர் நம்பல. "கதை விடாதல"ன்னுட்டு எழுந்து போயிட்டார். அவருக்காகத்தான் இந்தப் பதிவு.

சரி, விஷயத்துக்கு வருவோம். முதல்ல ஒரு சின்னக் கிளைக்கதை.

நான் படிச்சது சிவில் இன்ஜினியரிங். (இப்ப பார்க்கிறது ஜாவா. அதெல்லாம் கேக்கப்படாது :-)) ஆறாவது செமஸ்டர்ல ஹைட்ராலஜின்னு ஒரு பேப்பர். அதுல 'கம்பல் முறை'ன்னு ஒண்ணு வரும். ஆத்துல வருஷா வருஷம் வந்த அதிகபட்ச வெள்ளத்தை வச்சு, நூறு வருஷத்துக்கு ஒருக்கா வரக்கூடிய வெள்ளம் எவ்வளவு இருக்கும்னு கண்டுபிடிக்கிற கணக்கு. பாலம் கட்டணும்னாலும் அணை கட்டணும்னாலும் இது வேணும். பரீட்சைக்கு முந்தின ராத்திரி மனப்பாடம் பண்ணி எழுதினதோட சரி. அந்த கம்பல் யாரு, எந்த ஊருன்னெல்லாம் யோசிச்சதே இல்லை.

அவர் பேரு எமில் யூலியஸ் கும்பெல். ஜெர்மன் உச்சரிப்பு அப்படித்தான். நம்ம ஊர்ல கும்பல்னு படிச்சா அர்த்தமே வேற, ஆனா அதுவும் பொருத்தம்தான்னு பின்னாடி புரியும். மியூனிக்ல பொறந்த யூதர், புள்ளியியல் பேராசிரியர். வெள்ளத்தை எண்ணுறதுக்கு முன்னாடி இந்த மனுஷன் எண்ணினது கொலைகளை.

முதல் உலகப் போர்ல தோத்து, கெய்சர் ஓடிப் போயி, 1918ல ஜெர்மனி குடியரசாச்சு. வைமார்ங்கிற ஊர்ல அரசியல் சட்டம் எழுதினதால வைமார் குடியரசு. அந்த முதல் நாலு வருஷத்துல அரசியல் கொலைகள் சர்வசாதாரணம். கும்பெல் என்ன பண்ணார்னா, ஒவ்வொரு கொலையையும் எடுத்து, யார் கொன்னது, எந்தப் பக்கம், கேஸ் என்ன ஆச்சுன்னு பட்டியல் போட்டார். 1922ல புத்தகமா வந்துச்சு. வலதுசாரிகள் பண்ணின கொலை 354. இடதுசாரிகள் பண்ணினது 22. அந்த 354ல 326க்கு தண்டனையே இல்லை. அந்த 22ல தண்டனை இல்லாமப் போனது வெறும் 4. இடது பக்கம் 10 பேருக்கு மரண தண்டனை நிறைவேத்தியாச்சு. வலது பக்கம் ஒருத்தருக்கும் இல்லை. சராசரி போட்டா இடதுசாரி கொலைக்கு 15 வருஷம், வலதுசாரி கொலைக்கு 4 மாசம்.

இந்த எண்களை முதல் தடவை பார்த்தப்ப டேபிள்ல ஏதோ தப்புன்னுதான் நினைச்சேன். தப்பு இல்லை.

'ஜனநாயகம்னாலே மெத்தனம்'னு சொல்றவங்க எல்லாம் முதல்ல வைமாரைத்தான் உதாரணம் காட்டுவாங்க. ரொம்ப நல்லவங்களா இருந்து கெட்டுப் போனாங்க, எதிரிக்கும் சுதந்திரம் குடுத்தாங்க, அந்த சுதந்திரத்தை வச்சே எதிரி கழுத்தை அறுத்துட்டான் அப்படின்னு. பாதி உண்மை. ஆனா அந்த 22 பேர் கணக்கைப் பாருங்க. மெத்தனமாவா இருக்கு? அரசாங்கம் இரும்புக் கை வச்சிருந்துச்சு. அது ஒரு பக்கம் மட்டும்தான் நீண்டுச்சு.

1920 மார்ச்ல காப்ங்கிற ஆளும் ஒரு ஜெனரலும் சேர்ந்து பெர்லினைப் பிடிச்சாங்க. ராணுவத் தலைமை, சுடமாட்டோம்னு கையைக் கட்டிக்கிச்சு. அரசாங்கம் டிரெஸ்டனுக்கும் அங்கிருந்து ஸ்டுட்கார்ட்டுக்கும் ஓடுச்சு. தொழிலாளர்கள் பொது வேலைநிறுத்தம் பண்ணி, தண்ணி கரண்ட் எல்லாம் நின்னு, நாலஞ்சு நாள்ல கலகம் படுத்துருச்சு. அந்தக் கலகத்துக்காக நீதிமன்றம் தண்டிச்சது மொத்தம் ஒரே ஒரு ஆளை. அதே மாசம் ரூர் பகுதியில ஆயுதம் எடுத்த தொழிலாளர்கள் மேல மட்டும் அதே ராணுவம் தாராளமா சுட்டுச்சு. செத்தவங்க ஆயிரத்துக்கும் மேல.

இப்ப மியூனிக். போன வருஷம் ஆன்சைட்டுல அங்க ஆறு மாசம் இருந்தேன். ஓடியான்ஸ்பிளாட்ஸ்னு ஒரு சதுக்கம். அங்க ரெண்டு கல்லு சிங்கத்தோட ஒரு வளைவு மண்டபம், ஃபெல்ட்ஹெர்ன்ஹாலன்னு பேரு. சனிக்கிழமை சாயங்காலம் ஆனா படிக்கட்டு முழுக்க ஐஸ்கிரீம் சாப்பிடுற கூட்டம். 1923 நவம்பர் 9 மத்தியானம் அங்கதான் அது நடந்துச்சு.

முந்தின நாள் ராத்திரி பீர் மண்டபத்துல கூட்டம். பவேரியாவை ஆண்டுக்கிட்டு இருந்த கார்ங்கிறவர் பேசிக்கிட்டு இருக்கார், ஹிட்லர் ஆளுங்களோட உள்ள நுழைஞ்சு கூரையைப் பார்த்து ஒரு வெடி வெடிச்சு, புரட்சி ஆரம்பிச்சாச்சுன்னு அறிவிச்சார். அவங்க ஆளுங்க அச்சகத்துல புகுந்து பணநோட்டைக் கட்டுக்கட்டா அள்ளிக்கிட்டுப் போனாங்க. மறுநாள் ஏறக்குறைய ரெண்டாயிரம் பேர் ஊர்வலமா வந்தப்ப, அந்தச் சதுக்கத்து வாசல்ல மாநில போலீஸ் மறிச்சு நின்னுச்சு. துப்பாக்கிச் சூடு. நாலு போலீஸ்காரங்க செத்தாங்க. ஹிட்லர் தோள்பட்டை பிசகி, காரில ஏறி ஓடி, ரெண்டு நாள் கழிச்சு ஒரு நண்பர் வீட்டுல பிடிபட்டார். தன் தரப்புல செத்த 16 பேரைத்தான் பிற்காலத்துல தியாகிகளாக்கி வருஷா வருஷம் விழா எடுத்தார். நாஜி காலத்துல அந்த நினைவுச் சின்னத்தைக் கடந்தா கையை நீட்டி சல்யூட் வைக்கணும். அது பிடிக்காதவங்க பின்னாடி ஒரு சந்து வழியா சுத்திப் போவாங்களாம். அந்தச் சந்துல இப்பத் தரையில வெண்கலத்துல ஒரு கோடு பதிச்சு வச்சிருக்காங்க. அந்தக் கோட்டுல நானும் ஒரு தடவை நடந்து பார்த்தேன்.

வழக்கு 1924 பிப்ரவரி 26ல ஆரம்பிச்சது. சட்டப்படி இது மியூனிக்ல நடந்திருக்கவே கூடாது. 1922ல வெளியுறவு அமைச்சர் ராத்தெனாவைச் சுட்டுக் கொன்னப்புறம் 'குடியரசுப் பாதுகாப்புச் சட்டம்'னு கடுமையா ஒண்ணு போட்டிருந்தாங்க. அதுக்குன்னு லைப்ஜிக்ல தனி நீதிமன்றமே இருந்துச்சு. சட்டம் இருந்துச்சு, கோர்ட் இருந்துச்சு. பவேரியா அனுப்ப மாட்டேன்னுடுச்சு, அவ்வளவுதான்.

நீதிபதி பேரு நைட்ஹார்ட். ஹிட்லரை மணிக்கணக்கா பேச விட்டார். சாட்சிகளை ஹிட்லரே குறுக்கு விசாரணை பண்ணார். ஜெர்மனி முழுக்கப் பத்திரிகைகள்ல அந்தப் பேச்சு வந்துச்சு. அது வரைக்கும் அவர் பவேரியாவுக்குள்ள மட்டும் தெரிஞ்ச ஆள். ஏப்ரல் 1ல தீர்ப்பு (தேதியைக் கவனிச்சீங்களா): அஞ்சு வருஷம் கோட்டைக் காவல், ஆறு மாசத்துல பரோலுக்கு வாய்ப்பு. கோட்டைக் காவல்னா கௌரவச் சிறை மாதிரி, வேலை கிடையாது, விருந்தாளிகள் வரலாம். தீர்ப்புல அந்த நாலு போலீஸ்காரங்களைப் பத்திப் பேச்சே இல்லை.

அந்தப் பாதுகாப்புச் சட்டத்துலயே இன்னொரு பிரிவு இருந்துச்சு. தேசத்துரோகக் குற்றம் செஞ்ச வெளிநாட்டுக்காரனை நாடு கடத்தணும். ஹிட்லர் அப்ப ஆஸ்திரியப் பிரஜை. நீதிமன்றம் என்ன சொல்லுச்சுன்னா, இவரு ஜெர்மன்காரனாவே நினைக்கிறாரு, உணர்றாரு, நம்ம ராணுவத்துல சண்டை போட்டிருக்காரு, அதனால அந்தப் பிரிவு பொருந்தாதுன்னுடுச்சு. எனக்கு மியூனிக்ல வீடு மாறினா ரெண்டு வாரத்துக்குள்ள போயி முகவரி பதியணும், இல்லைன்னா ஆபீஸ்ல இருந்து மெயில் பறக்கும். இந்த ஆளு 1925ல ஆஸ்திரியக் குடியுரிமையை விட்டுட்டு, எந்த நாட்டுக் குடிமகனும் இல்லாம ஏழு வருஷம் அங்கயே உக்காந்து கட்சி நடத்தியிருக்கார்! 1932 பிப்ரவரியில ஒரு சின்ன மாநிலத்துல அரசாங்க வேலை போட்டுக் குடுத்து, அது வழியாத்தான் குடியுரிமையே வந்துச்சு. அடுத்த மாசம் ஜனாதிபதித் தேர்தல்ல நிக்கிறார்.

பரோலுக்கு வருவோம். 1922லயே ஒரு கூட்டத்தை அடிச்சுக் கலைச்ச வழக்குல அவருக்கு மூணு மாசத் தண்டனை. ஒரு மாசம் உள்ள இருந்துட்டு மீதிக்கு நன்னடத்தையில வெளிய இருந்தார். அந்த நிலைமையிலதான் இந்தக் கலகம். சட்டப்படி மறுபடி பரோல் பேச்சே எடுத்திருக்கக் கூடாது. 1924 செப்டம்பர்ல மியூனிக் போலீஸ், இவரை விட்டா திரும்ப ஆரம்பிப்பார், விடாதீங்கன்னு அறிக்கை எழுதுச்சு. அரசு வழக்கறிஞரும் எதிர்த்தார். டிசம்பர் 20ல விட்டுட்டாங்க. தண்டனை ஆரம்பிச்சு ஒன்பது மாசம்கூட ஆகல. இந்த இடத்துல மட்டும் எங்க சித்தப்பா கட்சி ஜெயிச்சுருது. ஸ்டேஷன்ல உக்காந்து ஃபைல் எழுதினவங்க சரியாத்தான் சொன்னாங்க. மேல இருந்தவங்க கேக்கல.

இப்ப இன்னொரு ஆள். எர்ன்ஸ்ட் டோல்லர், நாடக ஆசிரியர். 1919ல மியூனிக்ல இடதுசாரிகள் கொஞ்ச நாள் சோவியத் குடியரசு நடத்தினாங்களே, அதுல பங்கெடுத்தவர். அதே பவேரியா, அதே தேசத்துரோகக் குற்றம், அதே அஞ்சு வருஷக் கோட்டைக் காவல். அவர் அஞ்சு வருஷமும் உள்ள இருந்துட்டு 1924 ஜூலையில வெளிய வந்தார். அதாவது ஹிட்லரும் டோல்லரும் சில மாசம் ஒரே சமயத்துல பவேரியச் சிறைகள்ல இருந்திருக்காங்க. அந்தப் பவேரிய முதல்வர் ஐஸ்னரைச் சுட்டுக் கொன்ன ஆர்கோ பிரபுவை விசாரிச்சதும் நம்ம நைட்ஹார்ட்தான். மரண தண்டனை குடுத்தார், அடுத்த நாளே ஆயுள் தண்டனையா மாறுச்சு, 1924ல ஆள் வெளிய. ஹிட்லருக்கு இடம் வேணும்னு அவரைத்தான் அறை மாத்தினாங்களாம்.

நீதிபதிகள் ஏன் இப்படி? பதில் ரொம்ப சாதாரணம். கெய்சர் காலத்து நீதிபதிகளை அப்படியே வச்சிக்கிட்டாங்க. பழைய சிஸ்டத்துல இருந்து புதுசுக்கு மைக்ரேட் பண்றப்ப டேட்டாபேஸைத் தொடாம முகப்பை மட்டும் மாத்தினா என்ன ஆகும்? மேல குடியரசுன்னு போர்டு, உள்ள ஓடுறது பழைய கோடு. நீதித்துறை சுதந்திரம்னு அரசியல் சட்டத்துலயே எழுதிட்டதால அவங்களை அசைக்கவும் முடியல. அதுல தப்பு சொல்லவும் எனக்கு மனசு வரல. நீதிபதியை அரசாங்கம் இஷ்டத்துக்குத் தூக்கலாம்னு ஆரம்பிச்சா அது எங்க போய் நிக்கும்னு நமக்கே தெரியும்.

1931 நவம்பர் கடைசி வாரத்தைப் பாருங்க. 23ம் தேதி லைப்ஜிக் உச்ச நீதிமன்றம் பத்திரிகையாளர் கார்ல் ஃபான் ஓஸியட்ஸ்கிக்கு 18 மாசம் தண்டனை குடுக்குது. ராணுவம் திருட்டுத்தனமா விமானப்படை வளர்க்குதுன்னு பத்திரிகையில வெளியிட்டதுக்கு. ரெண்டு நாள் கழிச்சு, ஆட்சியைப் பிடிச்சா எதிர்க்கிறவங்களைச் சுட்டுத் தள்ளணும்னு நாஜிக்காரங்க போட்டு வச்சிருந்த திட்டம் ஒண்ணு அம்பலமாகுது. அதே நீதிமன்றத்துக்குப் போன அந்த வழக்கு ஒரு வருஷம் இழுத்து, ஆதாரம் போதாதுன்னு முடிஞ்சுது.

ஒரு நியாயமான கேள்வியையும் கேட்டுக்கணும். அஞ்சு வருஷமும் உள்ள வச்சிருந்தா கதை மாறியிருக்குமா? எனக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை. வெளிய வந்ததும் பவேரியாவுல 1927 வரைக்கும், பிரஷ்யாவுல 1928 வரைக்கும் அவர் பொதுக்கூட்டத்துல பேசத் தடை இருந்துச்சு. 1928 தேர்தல்ல கட்சிக்கு 2.6 சதவீதம், 12 சீட்டு. தடையாலயா? அப்ப ஊர்ல வேலை இருந்துச்சு, பணத்துக்கு மதிப்பு இருந்துச்சு, யாரும் அவரைச் சட்டை பண்ணல, அதான் காரணம்னு நான் நினைக்கிறேன். 1929ல உலகப் பொருளாதாரம் விழுந்துச்சு. 1930ல 107 சீட்டு. 1932 ஜூலையில 230. வேலை இல்லாதவங்க அறுபது லட்சம். இந்த வெள்ளத்தை ஒரு நீதிபதி கட்டின அணை தடுத்திருக்குமான்னு தெரியாது. ஆனா அந்த ஆளை நாடு கடத்தியிருந்தா, வெள்ளம் வந்தப்ப படகோட வேற யாராச்சும் நின்னிருக்கணும்.

அடுத்தது, 'கடுமை' என்ன பண்ணுச்சுன்னு பார்ப்போம். வைமார் சட்டத்துல 48வது பிரிவு. ஆபத்துன்னா ஜனாதிபதி நாடாளுமன்றத்தைக் கேக்காம ஆணை போடலாம், அடிப்படை உரிமைகளை நிறுத்தலாம். குடியரசைக் காப்பாத்தத்தான் வச்சாங்க. முதல் ஜனாதிபதி எபெர்ட் நூறு தடவைக்கு மேல பயன்படுத்தினார், பெரும்பாலும் அந்த நோக்கத்துக்காகவே. அப்புறம் அது பழக்கமாயிடுச்சு. 1932 ஜூலை 20ல, சட்டம் ஒழுங்கு கெட்டுப் போச்சுன்னு சொல்லி அதே பிரிவை வச்சு பாப்பன் பிரஷ்யா மாநில ஆட்சியையே கலைச்சார். சட்டம் ஒழுங்கு கெட்டது எதனால? நாஜிகளோட அடியாள் படைக்கு ஏப்ரல்ல போட்ட தடையை ஜூன்ல எடுத்துவிட்டது இதே பாப்பன்! நாட்டுலயே பெரிய போலீஸ் படை வச்சிருந்த பிரஷ்ய அரசு ஒரு தோட்டாகூடச் சுடாம வீட்டுக்குப் போச்சு. கோர்ட்டுக்குப் போறோம்னாங்க. 1920ல செஞ்ச மாதிரி வேலைநிறுத்தம் பண்ணவும் வழி இல்லை, அறுபது லட்சம் பேர் வேலைக்குக் காத்துக்கிட்டு நிக்கிறப்ப எவன் வேலையை விடுவான்?

1933 பிப்ரவரி 27 ராத்திரி நாடாளுமன்றக் கட்டடம் எரிஞ்சுது. மறுநாள் 48வது பிரிவு வழியாவே ஆணை: பேச்சு, எழுத்து, கூட்டம், வீடு, கடிதம் எதுக்கும் பாதுகாப்பு இல்லை. அந்த ஆணை 1945 வரைக்கும் திரும்பப் பெறப்படவே இல்லை. அன்னிக்குக் காலையில பிடிச்சவங்கள்ல ஓஸியட்ஸ்கியும் ஒருத்தர். 1935க்கான அமைதி நோபல் பரிசு அவருக்குக் கிடைச்சது. 1938ல செத்துப் போனார்.

இதெல்லாம் நமக்கு எதுக்குன்னு கேட்டா ஒரு சின்ன ஒட்டு இருக்கு. 1949 ஆகஸ்ட்ல நம்ம அரசியல் நிர்ணய சபையில அவசரநிலைப் பிரிவுகள் விவாதத்துக்கு வந்தப்ப எச்.வி. காமத் எழுந்து, இதுக்குக் கிட்டத்துல இருக்கிறது வைமார் சட்டம்தான், அங்க என்ன ஆச்சுன்னு பாருங்கன்னு எச்சரிச்சார். பெரும்பான்மை கேக்கல. 1975 ஜூன்ல எமர்ஜென்சி வந்துச்சு. 1976 ஜனவரி 31ல தமிழ்நாட்டு ஆட்சியும் கலைஞ்சுது. அது 356, வேற பிரிவு, ஆனா பிரஷ்யாக் கதையைப் படிக்கிறப்ப ஞாபகம் வராம இருக்காது. 1978ல 44வது திருத்தம் வந்துதான் கொஞ்சம் கடிவாளம் போட்டாங்க.

ஜெர்மன்காரங்க 1949ல புதுச் சட்டம் எழுதினப்ப, ஜனநாயகத்தை ஒழிக்க நினைக்கிற கட்சியைத் தடை பண்ணலாம்னு சேர்த்தாங்க. ஆனா அரசாங்கம் பண்ண முடியாது, அரசியல் சட்ட நீதிமன்றம் மட்டும்தான். 1952ல நாஜி வாரிசுக் கட்சி ஒண்ணு, 1956ல கம்யூனிஸ்ட் கட்சி. இத்தனை வருஷத்துல தடையானது அந்த ரெண்டுதான். 2017ல இன்னொரு கட்சியைப் பத்தி, நோக்கம் தப்புதான், ஆனா சாதிக்கிற அளவுக்கு ஆள் பலம் இல்லைன்னு சொல்லித் தடையை மறுத்துட்டாங்க. எனக்கு இந்தத் தயக்கம் பிடிச்சிருக்கு. கம்யூனிஸ்ட் தடை தேவையா இருந்துச்சான்னு கேட்டா, இல்லைன்னுதான் சொல்வேன்.

கும்பெலை மறந்துட்டேனே. கொலைகளை எண்ணினதுக்கு அவர் மேலயே தேசத்துரோகக் குற்றச்சாட்டு. ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் 1932ல வேலையைப் பிடுங்குச்சு. 1933ல நாஜிகள் குடியுரிமையைப் பறிச்ச முதல் பட்டியல்லயே அவர் பேர் இருந்துச்சு. பிரான்சுக்கும் அங்கிருந்து அமெரிக்காவுக்கும் தப்பிப் போயி, வெள்ளக் கணக்குல பேர் வாங்கி, 1966ல நியூயார்க்ல காலமானார். எங்க ஹைட்ராலஜி புத்தகத்துல இதுல ஒரு வரிகூடக் கிடையாது.

போன ஞாயித்துக்கிழமை சித்தப்பாவுக்கு ஃபோன் போட்டு மொத்தத்தையும் சொன்னேன். நடுவுல ஒரு வார்த்தை பேசல. லைன் கட்டாயிருச்சோன்னு நினைச்சேன்.

"அந்த நாலு பேரு... போலீஸ்காரங்க. பேரு இருக்கால?"

இருந்துச்சு. ஓடியான்ஸ்பிளாட்ஸ்ல இப்ப அவங்களுக்குப் பலகை வச்சிருக்காங்க, அதை ஃபோட்டோ எடுத்து வச்சிருந்தேன். ஃபிரீட்ரிஷ் ஃபிங்க், நிக்கோலாஸ் ஹோல்வெக், மாக்ஸ் ஷோபெர்ட், ருடால்ஃப் ஷ்ரௌட். மெதுவாச் சொல்லுன்னார். ரெண்டாவது தடவை சொன்னேன்.

"அந்த ஜட்ஜு என்னல ஆனான்?"

"1933ல ஹிட்லர் வந்ததும் மியூனிக் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கே தலைவரா புரமோஷன் சித்தப்பா."

கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம், "சரில, சித்தி பக்கத்துலதான் நிக்கா, குடுக்கேன்"னு ஃபோனைக் கை மாத்திட்டார்.